படிவத்தில் தமிழ்ச் சொற்களையும் எண்ணுங்கள்

என் மகனுக்கு இரண்டேகால் வயதாகும்போது வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. இங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அது தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் இரண்டு முதல் இரண்டரை வயதுக்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெல்த் விசிட்டர் குழு ஒரு வளர்ச்சிப் பரிசோதனை செய்கிறது. அதற்காகப் பெற்றோர் நிரப்பும் படிவத்தின் பெயர் ஏ.எஸ்.க்யூ. பேச்சு, கை கால் அசைவு, பழகும் விதம் என ஐந்து பகுதிகள். 'ஆம்', 'சில நேரம்', 'இன்னும் இல்லை' என்று டிக் அடித்தால் போதும்.

படிவம் இங்கிலீஷில் இருந்தது. நானும் மனைவியும் அவனுடைய இங்கிலீஷ் வார்த்தைகளை மட்டும் எண்ணினோம். கார், நோ, பை பை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பேச்சுப் பகுதியில் மதிப்பெண் குறைவாக வந்தது. காரணம் கேட்டபோது நாங்களே சொன்னோம், "வீட்ல தமிழ் பேசுறோம், அதனாலதான்." வந்தவரும் தலையாட்டினார். நர்சரிக்குப் போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம்.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. "ரெண்டு மொழி பிள்ளையைக் குழப்பும், வீட்லயும் இங்கிலீஷே பேசுங்க" என்று நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு தமிழையும் நிறுத்தினோம். எட்டு மாதம். மதுரையில் இருக்கும் அம்மா வீடியோ காலில், "ஏம்ப்பா, புள்ளை என்கிட்ட பேசவே மாட்டேங்குறானே" என்பார். எனக்குப் பதில் இருக்காது.

மூன்று வயதில் நர்சரியில் மறுபடியும் ஒரு மொழிப் பரிசோதனை. அங்கிருந்து ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். அவர் தமிழ் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து முதலில் கேட்டது, "இவன் தமிழில் எப்படிப் பேசுவான்?" யோசித்துப் பார்த்தால் தமிழிலும் அவன் 'தண்ணி', 'வேணாம்' என்று ஒற்றை வார்த்தைதான். "செருப்பை எடுத்துட்டு கதவுகிட்ட வா" என்றால் பாதிதான் புரியும். அப்படியானால் பிரச்சினை இங்கிலீஷில் இல்லை. அன்றைக்கே தமிழையும் எண்ணியிருந்தால் எட்டு மாதம் முன்பே தெரிந்திருக்கும்.

குழந்தைக்கு உண்மையிலேயே மொழிக் குறைபாடு இருந்தால் அது கேட்டு வளர்ந்த எல்லா மொழிகளிலும் தெரியும். தமிழ் நன்றாகப் பேசி இங்கிலீஷ் மட்டும் தடுமாறினால், இங்கிலீஷ் இன்னும் போதுமான அளவு காதில் விழவில்லை என்றுதான் அர்த்தம். வேறு வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் வரும் மொழி வளர்ச்சிக் குறைபாடு நூறில் ஏழு குழந்தைகளுக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. 30 பேர் உள்ள வகுப்பில் சுமார் இரண்டு பேர். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் இது வருவதில்லை. ஒரே மொழி பேசும் வீடுகளிலும் இருக்கிறது.

நான் சாஃப்ட்வேர்க்காரன். எந்த டெஸ்டிலும் இரண்டு வகைத் தவறு உண்டு என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்: இல்லாத பிழையை இருக்கு என்பது, இருக்கும் பிழையை இல்லை என்பது. இருமொழிக் குழந்தைகளுக்கு இரண்டுமே நடக்கிறது. போதாததற்கு, தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் தானாகவே எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். கவலைக்கான அறிகுறி எதுவும் இல்லாத எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படிப் பரிசோதனை செய்வதால் பயனா, தீங்கா என்று முடிவு செய்ய ஆதாரம் போதாது என அமெரிக்க நோய்த்தடுப்பு சேவைகள் பணிக்குழு 2024-ல் மறுபடியும் சொன்னது. படிவம் தீர்ப்பு சொல்லாது. மேலே பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். ஆகவே நாம் அதில் எழுதுவது சரியாக இருக்க வேண்டும். வீட்டுத் தமிழைப் பற்றி நம்மைத் தவிர வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஈஸ்ட் ஹாமோ வெம்பிளியோ டூட்டிங்கோ, இந்தப் படிவம் இப்போது உங்கள் மேஜையில் இருந்தால் நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். இரண்டு மொழி வார்த்தைகளையும் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு வயதில் சுமார் 50 வார்த்தையும், 'அம்மா வா', 'மோர் பால்' மாதிரி இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசுவதும் பொதுவான அளவு. அதற்குக் குறைந்தால் காதுப் பரிசோதனை கேளுங்கள். என்.எச்.எஸ். சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கட்டணம் கிடையாது. பல பகுதிகளில் பெற்றோரே நேரடியாக ஸ்பீச் தெரபி சேவையைத் தொடர்புகொள்ளலாம். "இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு ஆறு மாதம் தள்ளிப்போடாதீர்கள். பேச்சுத் தாமதம் குடும்பவழி வருவதும் உண்டு. அது காட்டிக்கொள்ள இன்னொரு காரணம்தான்.

தமிழை மட்டும் நிறுத்தாதீர்கள். நமக்குச் சரளமாக வரும் மொழியில்தான் குழந்தையோடு நிறையப் பேச முடியும், கதை சொல்ல முடியும், கொஞ்ச முடியும்.

மகனுக்கு இப்போது ஐந்து வயது. தெரபி தொடர்கிறது. வாக்கியம் இன்னும் சின்னதுதான். போன ஞாயிற்றுக்கிழமை அவனே போனை வாங்கி, "அப்பத்தா, சாப்டியா?" என்று கேட்டான். அம்மா பதில் சொல்ல ரொம்ப நேரம் ஆனது.