பத்தாம் நம்பர் ஸ்பேனர்

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. விடியும் முன்பே இட்லி அவித்து, நகரத்தின் பல இடங்களுக்கும் கொண்டு போய் விற்பவர்கள் அவர்களில் பலர்.

அப்படி ஒரு கணவன், மனைவி. அவர்களிடம் ஒரு பழைய சிறிய வேன் இருந்தது. மனைவி இட்லி அவிப்பார். கணவர் அதை வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் கடைகளுக்குக் கொடுப்பார். ஒரு நாளைக்கு 300 இட்லி.

ஒரு நாள் காலை மணி 5. இட்லிப் பாத்திரங்களை வேனில் ஏற்றியாகிவிட்டது. கணவர் சாவியைத் திருப்பினார். "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். வேன் கிளம்பவில்லை.

"ஏங்க, என்ன ஆச்சு?" என்று மனைவி ஓடி வந்தார்.

"பேட்டரி ஒயர்ல ஏதோ கோளாறு போல. நானே பாத்துடறேன். கருவிப் பெட்டிதான் வாங்கி வச்சிருக்கேனே!"

அந்தப் பெட்டியை அவர் போன மாதம் நடைபாதைக் கடையில் வாங்கினார். விலை 600 ரூபாய். உள்ளே 46 கருவிகள். எல்லாம் பளபளவென்று இருந்தன.

அவர் 10ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். பேட்டரி நட்டில் மாட்டித் திருகினார். ஸ்பேனரின் வாய் விரிந்தது. வழுக்கியது. மறுபடியும் அழுத்தித் திருகினார். நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன. கை நழுவி இரும்பில் மோதியது. விரல் முட்டியில் ரத்தம் வந்தது.

மெக்கானிக் வந்து சேர்ந்தபோது மணி 8. கடைக்காரர்கள் வேறு ஆளிடம் இட்லி வாங்கிவிட்டார்கள்.

மெக்கானிக் செய்தது என்ன?

மெக்கானிக் திருநெல்வேலிக்காரர். வயதானவர். அவர் பேட்டரியைப் பார்த்தார். ஒயர் மாட்டும் இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. அந்தப் பொடி மின்சாரத்தைத் தடுத்துவிட்டது. அதனால்தான் வேன் கிளம்பவில்லை.

மழுங்கிய நட்டை அவர் ஒரு கிரிப் பிளேயரால் கவ்விப் பிடித்துக் கழற்றினார். முதலில் மைனஸ் ஒயரை எடுத்தார். பிறகு பிளஸ் ஒயரை எடுத்தார்.

"தங்கச்சி, வீட்ல ஆப்ப சோடா இருக்கா?" என்று கேட்டார்.

இட்லிக்காரர் வீட்டில் ஆப்ப சோடா இல்லாமல் இருக்குமா? ஒரு குவளை வெந்நீரில் ஒரு கரண்டி சோடாவைக் கலந்தார்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை அதில் நனைத்து மெக்கானிக் பொடியைத் தேய்த்தார். பொடி நுரைத்துக் கரைந்தது. துணியால் ஈரத்தைத் துடைத்தார். புதிய நட்டைப் போட்டு ஒயரை இறுக்கினார். இப்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார்.

வேன் கிளம்பியது. கூலி 300 ரூபாய்.

"இவ்வளவுதானா அண்ணாச்சி? இதை நானே செஞ்சிருப்பேனே!" என்றார் கணவர்.

"செஞ்சிருப்பே தம்பி. உன் ஸ்பேனர் விட்டாத்தானே!" என்றார் மெக்கானிக்.

மைனஸ் ஏன் முதலில்?

பேட்டரியின் மைனஸ் ஒயர் வண்டியின் இரும்பு உடம்போடு சேர்ந்திருக்கும். பிளஸ் ஒயரை முதலில் கழற்றினால், கையில் உள்ள ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுவிடலாம். பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். ஸ்பேனர் சூடாகிக் கையைச் சுடும். பேட்டரி வெடிக்கவும் கூடும். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

பேட்டரிக்குள் இருப்பது அமிலம். கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி அணிந்துகொண்டு வேலை செய்வது நல்லது. சோடாத் தண்ணீர் பேட்டரியின் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தார் மனைவி

அன்று இரவு மனைவி ஒரு நோட்டை எடுத்தார். எழுதப் படிக்கக் கற்ற பிறகு வரவு செலவு எழுதுவது அவர் வழக்கம். இப்படி எழுதினார்:

கருவிப் பெட்டி: 600 ரூபாய்
விற்காத இட்லி 300, ஒன்று 5 ரூபாய் வீதம்: 1,500 ரூபாய்
மெக்கானிக் கூலி: 300 ரூபாய்
மொத்தம்: 2,400 ரூபாய்

"600 ரூபாய்க்கு 46 கருவின்னு சொன்னீங்க. அதுல நம்ம வேனுக்கு ஆவுறது எத்தனை?" என்று கேட்டார்.

இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். வேனுக்குப் பயன்படுபவை 9. மீதி 37 கருவிகளுக்கு வேலையே இல்லை. அந்த 9 கருவிகளும் தரமாக இல்லை.

விலை குறைந்த பொருள் எல்லாம் லாபமான பொருள் அல்ல. பல வருடம் உழைக்கும் பொருள், அவசர நேரத்தில் கைவிடாத பொருள், அதுதான் லாபம். 46 மட்டமான கருவிகளை விட 6 நல்ல கருவிகள் மேல்.

முதலில் வாங்க வேண்டியவை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவர் மெக்கானிக்கிடம் போனார். என்னென்ன வாங்குவது என்று கேட்டார்.

"முதல்ல உன் வண்டியைப் பாரு தம்பி. எந்தெந்த நட்டு என்ன அளவுன்னு எழுதிக்கோ. அப்புறம் கடைக்குப் போ" என்றார் அவர்.

இன்று ஓடும் கார், வேன்களில் நட்டின் அளவு மில்லி மீட்டரில் இருக்கும். 8, 10, 12, 13, 14, 17, 19 ஆகியவை அதிகம் வரும் அளவுகள். அம்பாசடர் போன்ற பழைய வண்டிகளில் அங்குல அளவு நட்டுகள் உண்டு. மில்லி மீட்டர் ஸ்பேனர் அவற்றில் சரியாகப் பொருந்தாது. வழுக்கும்.

வீட்டில் சின்ன வேலைகள் செய்ய இவை போதும்:

1. ஸ்பேனர்கள். இரண்டு முனை ஸ்பேனரில் இரண்டு அளவுகள் இருக்கும். 8–9, 10–11, 12–13, 14–15, 16–17, 18–19 என்று கிடைக்கும். தன் வண்டிக்கு எது தேவையோ அதை மட்டும் தனித்தனியாக வாங்கலாம்.

2. ஸ்குரூ டிரைவர் இரண்டு. ஒன்று பட்டை முனை. இன்னொன்று நட்சத்திர முனை.

3. ஒரு கட்டிங் பிளேயர்.

4. ஒரு வீல் ஸ்பேனர். வண்டியோடு வந்தது நன்றாக இருந்தால் புதிது வேண்டாம்.

5. பெட்ரோல் வண்டி என்றால் ஒரு பிளக் ஸ்பேனர்.

6. டயர் காற்றை அளக்கும் மீட்டர். இதன் விலை குறைவு, பலன் அதிகம். காற்று குறைந்தால் டயர் சீக்கிரம் தேயும். பெட்ரோலும் அதிகம் செலவாகும்.

இவற்றை ஒரே நாளில் வாங்க வேண்டும் என்பது இல்லை. மாதம் ஒன்று வாங்கினாலும் ஆறு மாதத்தில் சேர்ந்துவிடும்.

ரிங் ஸ்பேனரா, வாய் திறந்த ஸ்பேனரா?

நட்டுக்கு 6 பக்கங்கள் உண்டு. 6 முனைகள் உண்டு. வாய் திறந்த ஸ்பேனர் 2 பக்கங்களை மட்டும் பிடிக்கும். ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றி வளைத்து 6 முனைகளையும் பிடிக்கும். அதனால் இறுகிப்போன நட்டைக் கழற்ற ரிங் ஸ்பேனரே நல்லது. அது எளிதில் வழுக்காது.

ரிங் நுழையாத இடங்களும் உண்டு. அங்கே வாய் திறந்த ஸ்பேனர் உதவும். ஒரு முனை ரிங், மறுமுனை திறந்த வாய் என்று உள்ள ஸ்பேனரும் கிடைக்கும். புதிதாக வாங்குபவருக்கு அது வசதி.

வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூ ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. எல்லா நட்டுக்கும் அது ஒன்றே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதன் வாய் கொஞ்சம் ஆடும். இறுகிய நட்டை மழுங்க வைக்கும்.

கடையில் எப்படிப் பார்ப்பது?

கணவனும் மனைவியும் சயான் நிலையத்தில் ரயில் ஏறினார்கள். மஸ்ஜித் நிலையத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து நாக்தேவி தெருவுக்கு நடந்தார்கள். கருவிக் கடைகள் நிறைந்த தெரு அது. பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா நகரங்களிலும், ராஜஸ்தானில் நாகௌர் நகரிலும் கைக்கருவிகள் ஏராளமாகச் செய்கிறார்கள். நாடெங்கும் உள்ள கடைகளுக்கு அவை வருகின்றன.

மனைவி பையிலிருந்து ஒரு 10ஆம் நம்பர் போல்ட்டை எடுத்தார். கடைக்காரர் கொடுத்த ஸ்பேனரை அதில் மாட்டி ஆட்டிப் பார்த்தார். லொடலொட என்று ஆடியது. "வேறு கொடுங்க" என்றார். மூன்றாவது ஸ்பேனர் கச்சிதமாகப் பொருந்தியது.

கடையில் பார்க்க வேண்டியவை இவை:

ஸ்பேனரில் அளவும் கம்பெனி பெயரும் தெளிவாகப் பதிந்திருக்க வேண்டும். வெறும் ஸ்டிக்கர் போதாது. பெயர் பெற்ற கம்பெனியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போலிகள் வருவதுண்டு. எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும்.

"குரோம் வனேடியம்" என்று போட்டிருந்தால் அது உறுதியான எஃகு வகை. மேல்பூச்சு உரியவோ, விரிசல் விடவோ கூடாது.

பிளேயரின் வாயை மூடி வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். வெட்டும் இடத்தில் வெளிச்சம் தெரிந்தால் அது கம்பியைச் சரியாக வெட்டாது.

ஸ்குரூ டிரைவரின் முனை நேராக இருக்க வேண்டும். கைப்பிடிக்குள் கம்பி சுற்றக் கூடாது.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், மேலே ஐ.எஸ். எண்ணும் கீழே உரிம எண்ணும் இருக்கும். "பி.ஐ.எஸ். கேர்" என்ற செல்போன் செயலியில் உரிம எண்ணைப் போட்டு அது உண்மையா என்று பார்க்கலாம்.

பில் கேட்டு வாங்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் இருந்தால் வழக்குக்கு வலு சேரும்.

பழைய கருவியும் வாங்கலாம். வாய் விரியாத, வளையாத பழைய நல்ல ஸ்பேனர், மட்டமான புது ஸ்பேனரை விட மேல்.

அன்று அவர்கள் நான்கு ஸ்பேனர்கள் வாங்கினார்கள். விலை 600 ரூபாய். பெட்டி வாங்கிய அதே பணம்தான்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

எண்ணெய் பிடிக்கப் பழைய டப்பா போதும். துடைக்கப் பழைய துணி போதும். புனலைப் பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டிச் செய்துகொள்ளலாம். இவற்றில் மிச்சம் பிடிக்கலாம்.

ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்துவதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அங்கே போவது உயிர். வண்டியோடு வரும் ஜாக்கி, டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டியின் அடியில் யாரும் படுக்கக் கூடாது. ஜாக்கி சாயும். செங்கல் நொறுங்கும். கல் உருளும்.

அடியில் வேலை இருந்தால் வண்டியின் எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகள் வேண்டும். தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஸ்டாண்டு வாங்க வசதி இல்லை என்றால், அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும்.

பிரேக், ஸ்டியரிங், காற்றுப்பை, கேஸ் கிட் ஆகியவற்றிலும் வீட்டில் கை வைக்கக் கூடாது. மின்சார வண்டியில் ஆரஞ்சு நிற ஒயர்கள் இருக்கும். அவற்றில் ஓடும் மின்சாரம் உயிரைக் கொல்லும். தொடவே கூடாது.

கருவியைக் காப்பது

ஸ்பேனரைத் தன் பக்கம் இழுத்துத் திருக வேண்டும். தள்ளினால், நழுவும்போது கை அடிபடும். ஸ்பேனரில் குழாயைச் செருகி நீளமாக்கக் கூடாது. நட்டு முறியும், அல்லது ஸ்பேனர் முறியும். ஸ்பேனரைச் சுத்தியலாக்கக் கூடாது. வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். மும்பை மழையில் இரும்பு ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலை. சாவியைத் திருப்பியதும் மறுபடியும் "டக்" என்று சத்தம். மனைவி வெந்நீரும் ஆப்ப சோடாவும் கொண்டு வந்தார். கணவர் 10ஆம் நம்பர் ஸ்பேனரை மாட்டினார். அது வழுக்கவில்லை. முதலில் மைனஸ், பிறகு பிளஸ். கால் மணி நேரத்தில் வேன் கிளம்பியது. இட்லி ஆறும் முன்பே கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

பேசிப் பாருங்கள்

1. மனைவி எழுதிய கணக்கில் 600 ரூபாய்ப் பெட்டிக்கு உண்மையில் ஆன செலவு எவ்வளவு?
2. உங்கள் வீட்டில் உள்ள கருவிகளில் எத்தனை பயன்படுகின்றன? எண்ணிப் பாருங்கள்.
3. எந்தப் பொருளில் மிச்சம் பிடிக்கலாம்? எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது? ஏன்?