உப்பிலே எழுதலாம், ஓலையும் வேண்டாம்!

புதுச்சேரியை நோக்கிக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். வெயிலில் வெள்ளை வெளேரென்று குவியல் குவியலாக உப்பு! இன்னும் தெற்கே போனால் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் உள்ள ஊர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் அங்கே உண்டு. இந்த வட்டாரத்தை நினைத்தால் எனக்கு உப்போடு கூட எழுத்தும் நினைவுக்கு வருகிறது.

காரணம் இருக்கிறது. கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். அந்த 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறைக்குள் காலடி வைத்தபோது இரண்டாம் வகுப்பு! வீட்டிலே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாத குழந்தைகளின் கதி என்ன? அவர்களுக்காக 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் 2021 அக்டோபர் 27-ல் தொடங்கியது, இதே மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். மாலை வேளைகளில் குழந்தைகளைக் கூட்டி வைத்துத் தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும். ஆனால் எடுத்த எடுப்பில் பென்சிலையும் நோட்டையும் கொடுத்து, "அ எழுது" என்று அதட்டினால் குழந்தை என்ன செய்யும், பாவம்! விரல்களுக்கு இன்னும் பலம் வரவில்லையே.

திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார்கள் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். விஜயதசமியன்று நாம் தட்டில் அரிசியைப் பரப்புகிறோம். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவச் செய்தார். மூன்றிலும் தத்துவம் ஒன்றுதான்: சொரசொரப்பில் விரல் நகரும்போது எழுத்தின் வடிவம் கண்ணில் மட்டுமல்ல, கையிலும் பதிகிறது.

உங்கள் அடுக்களையில் உப்பு இருக்கிறதல்லவா? கருநிறத் தட்டில் உலர்ந்த பொடி உப்பை மெல்லியதாகப் பரப்புங்கள். கல் உப்பு விரலை உறுத்தும். கையில் கீறல் இருந்தால் உப்பு வேண்டாம், ரவை போதும். முடிந்ததும் கையைக் கழுவிவிட வேண்டும். கண்ணைக் கசக்கினால் எரியும். தப்பாக எழுதினால் தட்டை ஓர் ஆட்டு ஆட்டுங்கள். அடித்தலும் இல்லை, அழித்தலும் இல்லை, அழுகையும் இல்லை!

முதலில் கோடுகள்: நிற்கும் கோடு, படுத்த கோடு, சாய்ந்த கோடு. பிறகு அரை வட்டம், முழு வட்டம், சுழி. வாசலில் நீங்கள் கோலம் போடும்போது பக்கத்தில் நாலு புள்ளி வைத்துக் கொடுங்கள். அதுவும் எழுத்துப் பயிற்சிதான். அப்புறம் ட, ப, ம. நெடுங்கணக்கில் 'அ' முதலில் நின்றாலும், வளைவும் சுழியும் உள்ள அதை எழுதுவது கஷ்டம். நேர்க்கோட்டு எழுத்துகளோ சுலபம். ட-வோடு மேலே ஒரு கோடு இழுத்தால் ப. மூன்றும் வந்து, புள்ளியும் வைக்கத் தெரிந்துவிட்டால் 'படம்', 'பட்டம்' என்று வார்த்தையே எழுதிவிடலாம். குழந்தைக்கு ஏற்படும் பெருமையைப் பாருங்கள்!

பென்சிலுக்கு முன் சிறு சாக்குத் துண்டு கொடுங்கள். துண்டு சிறியதானால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றினாலும்தான் பிடிக்க முடியும். பிடி தானே சரியாகும். இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டாம். தாளை வலப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் போதும்.

பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தும்பிக்கை போட்டு எழுதிய 'லை', 'னை' முதலிய 13 எழுத்துகள் 1978-ல் அரசாணையால் மாறிவிட்டன. பேரனுக்குப் புது வடிவத்தையே காட்டுங்கள். பழையதைப் பிற்பாடு கதையாகச் சொல்லலாம்.

நாள்தோறும் பத்து நிமிஷம் போதும். குழந்தை "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே தட்டை எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் தட்டு எங்கே என்று அதுவே தேடி வரும்.