சுவருக்கு ஒரு யப்பானியப் படம்: வாங்குமுன் அறிய வேண்டியவை

கடந்த மாத உரையில் யப்பானிய மர அச்சுப்படங்களைப் பற்றிச் சில நிமிடங்கள் கதைத்திருந்தேன். அதன் பின்னர் நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: "ஒறிஜினல் என்று சொல்லி விற்கிறார்களே, நம்பி வாங்கலாமா?" ஒரு தாயார் தன் மகள் புது வீட்டு வரவேற்பறைக்கென்று 900 டொலர் கொடுத்து ஓர் அலைப் படம் வாங்கிவிட்டதாகவும், அது உண்மையில் என்ன என்று தெரியாமல் தனக்கு நித்திரை வரவில்லை என்றும் சொன்னார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்குமாகவே இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டுச் சுவர்களில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுவாமிப் படம், மாலை போட்ட பெரியவர்களின் படம், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம், தமிழ்க் கடைக் கலண்டர். ஊரை விட்டு வரும்போது ஒரு படத்தைக்கூடக் கொண்டுவர முடியாத குடும்பங்கள் எங்களில் அதிகம். இப்போது பிள்ளைகள் சொந்த வீடு வாங்கி, மலையும் மழையும் பனியும் உள்ள படங்களைத் தேடுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் உழைத்த காசு சரியான பொருளுக்குப் போக வேண்டும்.

சாதாரண சனங்களின் படம்

இந்தப் படங்கள் அரண்மனைக்கென்று செய்யப்பட்டவை அல்ல. இன்று ரோக்கியோ என்று அழைக்கப்படும் நகரம் எடோ என்ற பெயரோடு இருந்த காலத்தில், கடைக்காரர், தச்சர், பயணிகள் போன்றோர் வாங்கிய மலிவான பொருள் இது. ஒரு படத்தின் விலை ஒன்றிரண்டு கோப்பை நூடில்ஸ் விலையளவுதான்.

எல்லோரும் அறிந்த அந்தப் பெரிய அலைப் படத்தை வரைந்தவர் ஹொக்குசாய் (1760–1849). பூஜி மலையின் 36 காட்சிகள் என்ற வரிசையில் 1831 அளவில் வெளிவந்த படம் அது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. வரிசை நன்றாக விற்பனையானதால் மேலும் 10 படங்கள் சேர்த்து மொத்தம் 46 ஆக்கினார்கள். பெயர் 36 ஆகவே நின்றுவிட்டது. அந்த ஆழமான நீலம் பிரஷ்யன் நீலம் என்னும் இறக்குமதிச் சாயம். ஜேர்மனியில் கண்டுபிடிக்கப்பட்ட அந்த நிறம் யப்பானில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோதே இப்படியான கடலும் வானமும் சாத்தியமாயின.

அடுத்தவர் ஹிரோஷிகே (1797–1858). எடோவிலிருந்து கியோட்டோ வரையான தொக்கைடோ நெடுஞ்சாலையின் 53 தங்குமிடங்களை 1833–34இல் வரைந்தார். தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து 55 படங்கள். மழைக்கும் பனிக்கும் இவரை மிஞ்ச ஆள் இல்லை. பாலத்தின் மேல் திடீர் மழையில் சனங்கள் குனிந்தபடி ஓடும் அவருடைய 1857ஆம் ஆண்டுப் படத்தை, 1887இல் வின்சென்ற் வான்கோ எண்ணெய் வர்ணத்தில் பார்த்து வரைந்தார். அந்த வான்கோவும் கையில் காசில்லாதவர்தான். 1885இல் அன்ட்வேர்ப்பில் வாடகை அறையில் இருந்தபோது யப்பானியப் படங்களைச் சுவரில் குத்தி வைத்திருந்தார்.

ஒரு படம், நான்கு பேர்

கணக்காளன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்தது இதன் உற்பத்தி முறை. ஒரு படத்துக்கு நான்கு தரப்பினர் வேண்டும். முதல் போடுபவர் பதிப்பாளர். வரைபவர் ஓவியர். பலகை செதுக்குபவர் ஒருவர். அச்சிடுபவர் இன்னொருவர்.

ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார். அதைச் செரி மரப் பலகையில் முகம் கீழாக ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் செதுக்கி எடுப்பார்கள். மழைக்கோடு மயிரிழை போல இருந்தால், அந்த மயிரிழையை விட்டுச் சுற்றிவரச் செதுக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப்பரப்புச் செதுக்கப்படும். தாள் அதே இடத்தில் வந்து அமர்வதற்குப் பலகையின் ஓரத்தில் இரண்டு அடையாளங்கள் வெட்டப்பட்டிருக்கும். நீரில் கரைத்த சாயத்தைப் பலகையில் தூரிகையால் பூசி, தாளை வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ஒரு தட்டையான பிடியால் பின்புறம் தேய்த்து அச்சிடுவார்கள். இயந்திரம் எதுவும் கிடையாது. வானத்தில் நீலம் மேலிருந்து கீழே மெல்லக் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். அது அச்சிடுபவர் ஒவ்வொரு தடவையும் பலகையில் கையால் துடைத்து உண்டாக்குவது. ஆகவே ஒரே பலகையில் எடுத்த இரண்டு பிரதிகள்கூட முற்றிலும் ஒன்றாக இரா.

இருபதாம் நூற்றாண்டில் இந்தத் தொழில் நலிந்து வந்தபோது வதனபே ஷோசபுரோ (1885–1962) என்ற பதிப்பாளர் அதே முறையில் புதிய படங்களை வெளியிட்டார். அவருக்காக நிறைய வரைந்தவர் கவாசே ஹசுயி (1883–1957). 1923 செப்டெம்பர் 1ஆம் திகதி நிலநடுக்கத்திலும் தீயிலும் வதனபேயின் கடையும் பலகைகளும், ஹசுயியின் வீடும் குறிப்பேடுகளும் அழிந்தன. சில வாரங்களில் ஹசுயி புதிய குறிப்பேட்டோடு நீண்ட பயணம் புறப்பட்டார். பனியில் குடை பிடித்தபடி ஒரு பெண் சிவப்புக் கோயிலின் முன்னால் நடக்கும் அவருடைய புகழ்பெற்ற படம் 1925இல் வந்தது. எல்லாம் போன பின்பு மறுபடி தொடங்குவது என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

யொஷிடா ஹிரோஷி (1876–1950) என்பவரையும் குறிப்பிட வேண்டும். அவர் இந்தியாவுக்குப் பயணம் செய்து 1931 அளவில் வெளியிட்ட வரிசையில் தாஜ்மகாலோடு மதுரைக் கோயிலும் இருக்கிறது.

'ஒறிஜினல்' என்றால் என்ன?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எண்ணெய் ஓவியத்தில் மூலம் ஒன்றுதான். மர அச்சில் ஒவ்வொன்றுமே பிரதி. பெரிய அலைப் படம் மட்டும் அக்காலத்தில் சுமார் 8,000 பிரதிகள் அச்சாகியிருக்கலாம் என மதிப்பிடுகிறார்கள். ஆகவே "ஒறிஜினலா?" என்று கேட்பதை விட்டு, "யார், எப்போது, எப்படி அச்சிட்டது?" என்று கேளுங்கள். விடை நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. ஓவியரின் காலத்திலேயே அச்சானது. அலைப் படத்தின் நல்ல பிரதி ஒன்று 2023 மார்ச்சில் நியூயோர்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 27 இலட்சத்து 60 ஆயிரம் அமெரிக்க டொலருக்குப் போனது. எங்களுக்கு இது அருங்காட்சியகத்தில் பார்ப்பதற்குரியது.

2. அதே பலகையில் பிற்காலத்தில் அச்சானது. ஹசுயியின் படங்களில் இது அதிகம். தாளின் ஓரத்தில் உள்ள பதிப்பாளர் முத்திரை காலத்தைக் கணிக்க உதவும்.

3. புதிதாகப் பலகை செதுக்கிக் கையால் அச்சானது. ரோக்கியோவிலுள்ள அடாச்சி நிறுவனம் இன்றும் இப்படிச் செய்கிறது. பிரேம் இல்லாமல் வாங்கினால் சில நூறு டொலருக்குள் அடங்கும். ஒரு செதுக்குநருக்கும் அச்சிடுபவருக்கும் வேலை கொடுக்கிறீர்கள். வீட்டுச் சுவருக்கு என் சிபாரிசு இதுதான்.

4. இயந்திரத்தில் அச்சான சுவரொட்டி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹொக்குசாய், ஹிரோஷிகே படங்களுக்கு இப்போது பதிப்புரிமை இல்லை. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் 2017இலிருந்து இவ்வாறான படங்களைத் தெளிவான கோப்புகளாக இலவசமாகத் தருகிறது. இறக்கி, புகைப்படக் கடையில் அச்சிட்டுக்கொள்ளலாம். நாலாவது பொருளை முதலாவதின் பெயரில் விற்பதுதான் பிழை.

வீட்டிலேயே பார்க்கலாம்

பூதக்கண்ணாடி ஒன்று போதும். நிறப் பரப்பில் ஒழுங்கான சின்னஞ்சிறு புள்ளிகள் தெரிந்தால் அது இயந்திர அச்சு. கை அச்சில் நிறம் தாளுக்குள் ஊறியிருக்கும். மர ரேகையும் சில இடங்களில் தெரியும். தாளைத் திருப்பினால் சாயம் பின்புறம் மெல்லக் கசிந்திருப்பதும் தேய்த்த தடமும் தெரியலாம். பின்புறத்தைப் பார்க்க விடாத கடையில் பெரிய தொகை கொடுக்க வேண்டாம்.

மேலே சொன்ன தாயாரிடம் இரண்டையும் செய்யச் சொன்னேன். புள்ளிகள் தெரிந்தன, பின்புறம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் மகள் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதில் "கையால் அச்சிட்ட மர அச்சுப்படம்" என்று எழுதியிருந்தது. அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும். அதைச் சுட்டிக்காட்டியதும் கடைக்காரர் காசைத் திருப்பிக் கொடுத்தார். ஆகவே ஓவியர், பதிப்பாளர், அச்சான காலம், முறை ஆகிய நான்கையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில். யப்பானிலிருந்து நேரே வரவழைப்பவர்கள் 10 வீத ஜீஎஸ்ரியையும், பெறுமதி 1,000 டொலரைத் தாண்டினால் சுங்க நடைமுறையையும் கணக்கில் சேர்க்கவும்.

வெயில்தான் எதிரி

யப்பானில் இந்தப் படங்களைப் பெரும்பாலும் கையில் வைத்துப் பார்த்து, மடித்த உறையிலோ தொகுப்பேட்டிலோ பாதுகாத்தார்கள். வெளிச்சத்தில் ஆண்டுக்கணக்காகத் தொங்கவிடச் செய்த பொருள் அல்ல. பழைய தாவரச் சாயங்கள், குறிப்பாகக் குசும்பப்பூச் சிவப்பும் பூவிலிருந்து எடுத்த நீலமும், விரைவில் வெளிறும். போன நிறம் திரும்ப வராது. மெல்பேர்ண் விக்ரோரியா தேசிய ஓவியக் கூடத்தில் 1909இல் வாங்கிய அலைப் படம் ஒன்று இருக்கிறது. அவர்களே அதை எப்போதும் சுவரில் வைப்பதில்லை.

இந்த நாட்டில் வடக்கு யன்னலால்தான் அதிக வெயில் வரும். அதற்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து, நடைபாதையோ உட்சுவரோ தேர்ந்தெடுங்கள். சமையலறை, குளியலறை, ஹீற்றருக்கு மேல் என்பன வேண்டாம். சுவாமி அறையும் வேண்டாம். விளக்குப் புகையும் சாம்பிராணியும் தாளை மஞ்சளாக்கும்.

பிரேம் போடும்போது அமிலமில்லாத மட்டையும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் கேளுங்கள். தாள் கண்ணாடியைத் தொடக்கூடாது. செலோரேப் ஒட்ட வேண்டாம். படத்தைப் பலகையில் முழுதாக ஒட்டிவிடவும் வேண்டாம். மேல் ஓரத்தில் மட்டும் யப்பானியத் தாளாலும் மாப்பசையாலும் பிடித்தால் போதும். பிரேமுக்குப் பொருந்தவில்லை என்று ஓரத்தை வெட்டினால் முத்திரையும் போகும், பெறுமதியும் போகும்.

யப்பானியர் தங்கள் வீட்டு மாடத்தில் தொங்கும் சுருளோவியத்தைப் பருவத்துக்கேற்ப மாற்றுவார்கள். நாங்களும் இரண்டு மூன்று படங்களை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடலாம். குளிர்காலத்துக்குப் பனி, கோடைக்கு மழை. மற்றவை இருட்டில் ஓய்வெடுக்கட்டும்.

கடைசியாக ஒன்று. பின்னாளில் விலை ஏறும் என்ற கணக்கில் இதை வாங்காதீர்கள். அப்படி வாங்குவதற்கு வேறு இடங்கள் உண்டு. காலையில் வேலைக்குப் புறப்படும்போது ஒரு நிமிடம் நின்று பார்க்க மனம் வருகிற படத்தை, அது எதுவென்று சரியாகத் தெரிந்துகொண்டு, அதற்குரிய விலையில் வாங்குங்கள். உங்களிடம் ஏற்கெனவே படம் இருந்தால், முன்பின் இரு பக்கத்தையும் படம் எடுத்து நிலையத்துக்கு அனுப்புங்கள். அடுத்த உரையில் சிலவற்றைச் சேர்ந்து பார்ப்போம்.