சான்றிதழில் என்ன பெயர் அச்சாகும்?

பொருளியலும் பிடிக்கும், கணினியும் பிடிக்கும், கூடவே உளவியலும் படிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பிளஸ் டூ பிள்ளையை, "ஏதாவது ஒன்றைச் சொல்" என்று அதட்டும் காலம் போய்விட்டது. மூன்றையும் ஒரே பட்டத்தில் தருகிறோம் என்று அழைக்கும் கல்லூரிகள் சென்னை, பெங்களூரு, புனே என்று பெருகிவிட்டன. பல்துறைப் படிப்பு, லிபரல் ஆர்ட்ஸ், இன்டர்டிசிப்ளினரி ஸ்டடீஸ் என்று பெயர்களும் பல. கையேட்டைப் பிரித்தால் வளாகம், நூலகம், இன்டர்ன்ஷிப் எல்லாம் வண்ணப் படங்களோடு இருக்கும். படித்து முடித்துப் பட்டம் வாங்கும்போது அந்தத் தாளில் என்ன அச்சாகியிருக்கும் என்பது மட்டும் எளிதில் கண்ணில் படாது. கல்லூரி தேடும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நம் ஊர் பி.ஏ., பி.எஸ்சி.யிலும் கலப்பு இருக்கத்தான் செய்கிறது. இயற்பியல் மாணவர் அலைடு கணிதம் படிக்கிறார், அலைடு வேதியியல் படிக்கிறார், தமிழும் ஆங்கிலமும் படிக்கிறார். ஆனாலும் அவருடைய மேஜர் எது என்று யாருக்கும் சந்தேகம் வராது. புதிய படிப்புகளில் அந்தச் சந்தேகம் வருகிறது. தேசியக் கல்விக் கொள்கை 2020-க்குப் பிறகு வந்த பாடத்திட்டக் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட். அதில் மேஜருக்கு 60, மைனருக்கு 24. ஒரு பாடத்தை மேஜராக எடுத்தவருக்கே நிலைமை இது. மேஜர் இடத்தையும் மூன்று நான்கு துறைகளுக்குப் பங்கிட்டுவிட்டால், எந்தத் துறைக்காரர் என்று அவரை எப்படி அடையாளம் காண்பது?

பொருளியல், சமூகவியல், உளவியல் மூன்றும் கலந்து படித்த ஒரு பெண் பி.எட். சேர நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பி.எட். சேர்க்கையில் அவர் எவ்வளவு ஆழமாகப் படித்தார் என்று யாரும் சோதிப்பதில்லை. பள்ளியில் கற்பிக்கும் பாடம் இளங்கலையில் முதன்மைப் பாடமாக இருந்ததா என்று பார்க்கிறார்கள். முதுகலை ஆசிரியர் பணி என்றால் கிடுக்கிப்பிடி இன்னும் இறுகும். இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், அல்லது அதற்கு இணையான பாடத்தில் இருக்க வேண்டும். 'கிராஸ் மேஜர்' என்ற சொல்லைக் கேட்டாலே ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு வயிறு கலங்குவது இதனால்தான். ஒரு பாடத்தில் இளங்கலை, வேறொன்றில் முதுகலை முடித்தவர்கள் படும் பாட்டை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இளங்கலையிலேயே பல பாடங்களைக் கலந்து படித்தவர் எங்கே போய் நிற்பார்?

'இணையானது' என்று சொன்னேன். இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணை, இது இணையல்ல என்று தமிழ்நாட்டில் அரசாணைகள் அவ்வப்போது வெளியாகின்றன. எடுத்துப் படித்தால் மனம் கனக்கும். பாதிப் பாடங்கள் ஒன்றாக இருந்தும் பெயரில் ஒரு சொல் கூடிப்போனதால் வரிசையில் நிற்கும் பட்டங்கள் அவற்றில் எத்தனையோ. பட்டம் பெற்று, தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் உட்காரும்போதுதான் பலருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே தெரிய வருகிறது. வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவருக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

பெயர்ச் சிக்கல் பெரிய நிறுவனங்களையும் விட்டதில்லை. எந்தெந்தப் பட்டப் பெயர்களைப் பல்கலைக்கழகங்கள் வழங்கலாம் என்று 2014-இல் நாடு முழுமைக்கும் ஒரு பட்டியல் அறிவிக்கப்பட்டது. பெங்களூருவில் 2011-இல் தொடங்கிய புகழ்பெற்ற நான்காண்டு அறிவியல் படிப்பு ஒன்றின் பட்டப் பெயரே பின்னர் மாறியது. டெல்லியில் 2013-இல் கொண்டுவந்த நான்காண்டு இளங்கலைத் திட்டம் மறு ஆண்டே கைவிடப்பட்டு, அதில் சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றாண்டுப் பாடத்திட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். திட்டங்கள் வரும், போகும். மாணவரின் கையில் மிஞ்சுவது அந்த ஒரு தாள்.

தனியார் நிறுவனங்கள் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை, குடிமைப் பணித் தேர்வுக்கும் குரூப் 1-க்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும், 2024-இல் வந்த கட்டமைப்பின்படி நுழைவுத் தேர்வில் தேறினால் இளங்கலையில் எதைப் படித்திருந்தாலும் விரும்பிய முதுகலையில் சேரலாம் என்றெல்லாம் சொல்பவர்கள் உண்டு. அதுவும் உண்மைதான். ஆனால் சிறு நகரத்துப் பெண் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கனவு காண்பது அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை. அதற்கான வாசலில் பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

ஆகவே கல்லூரிக்குப் போகிறவர்கள் சேர்க்கை அலுவலரிடம், ஏற்கெனவே முடித்த மாணவர் ஒருவருடைய பட்டச் சான்றிதழின் மாதிரியைப் பார்க்கக் கேளுங்கள். பி.ஏ. என்று போட்டு அடைப்புக்குறிக்குள் தெரிந்த பாடத்தின் பெயர் இருக்கிறதா, புதிதாகச் சூட்டிய பெயரா என்று பாருங்கள். ஒரு பாடத்தை மேஜராக அறிவித்துக்கொள்ள வழி இருக்கிறதா, எந்த செமஸ்டருக்குள் அறிவிக்க வேண்டும், மதிப்பெண் பட்டியலில் அது தனியே குறிக்கப்படுமா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதியை நம்ப வேண்டாம். முதல் பேட்ச் என்றால் இன்னும் கவனம் தேவை; காட்டுவதற்குச் சான்றிதழே இருக்காது. கால அட்டவணையையும் ஒருமுறை பாருங்கள். கையேட்டில் சேர்த்து எடுக்கலாம் என்று போட்டிருக்கும் இரண்டு பாடங்களின் வகுப்புகள் ஒரே நேரத்தில் நடந்தால், அந்தக் கலப்பு தாளோடு சரி.

நான்காம் ஆண்டு பற்றியும் ஒரு சொல். ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் பட்டத்துக்கு முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேண்டும். அதற்குக் குறைந்தால் அந்தக் கல்லூரியில் என்ன வழி என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு: ஒவ்வொரு செமஸ்டரின் பாடத்திட்டத்தையும் அந்தந்த ஆண்டே அச்செடுத்து, கல்லூரி முத்திரையும் துறைத் தலைவர் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இணைத் தகுதி கோரி விண்ணப்பிக்க நேர்ந்தால் பாடத்திட்டத்தைத்தான் வரிவரியாக ஒப்பிடுவார்கள். பத்து ஆண்டு கழித்துப் போய்க் கேட்டால், பாடத்திட்டம் இரண்டு முறை மாறியிருக்கும். பழையதை எடுத்துத் தர அலுவலகத்தில் ஆள் இருப்பாரா என்பது நிச்சயமில்லை.