விதைப்பதற்கு முன்பே பங்கு: சமூக ஆதரவு வேளாண்மை

காய்கறிச் சாகுபடியில் செலவு முன்னே வருகின்றது. வருமானமோ பல வாரங்கள் கழித்தே கிடைக்கின்றது. விதை, எரு, உழவு, கூலி ஆகியவற்றுக்குப் பணம் வேண்டியிருக்கும் வேளையில் உழவரிடம் கையிருப்பு இருப்பதில்லை. ஆகவே அவர் கடன் வாங்குகின்றார். பின்னர் ஆலங்கட்டி மழையோ பூச்சித் தாக்குதலோ நேரிட்டால் நஷ்டம் முழுவதும் அவர் ஒருவரையே சாருகின்றது. விளைச்சலை உண்போரும் இந்நஷ்டத்தில் ஒரு பகுதியை ஏற்குமாறு செய்யும் ஏற்பாடே சமூக ஆதரவு வேளாண்மை எனப்படுகின்றது.

தோற்றம்

ஜப்பானில் 1971ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இயற்கை வேளாண்மைச் சங்கம், உழவர்களும் நகரக் குடும்பங்களும் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளும் ‘தெய்கேய்’ முறையைப் பரப்பியது. கூட்டிணைவு என்பது இச்சொல்லின் பொருளாகும். 1978இல் இம்முறைக்குப் பத்து நெறிகள் வகுக்கப்பெற்றன. ஒப்புக்கொண்ட திட்டப்படி விளைவிக்கப்பெற்ற அனைத்தையும் நுகர்வோர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இத்தகைய தோட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1986ஆம் ஆண்டில் இரண்டு பண்ணைகள் இம்முறையை மேற்கொண்டன. மாஸசூஸெட்ஸ் மாநிலத்தின் இந்தியன் லைன் பண்ணை ஒன்று; நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணை மற்றொன்று. பின்னதில், பண்ணையின் ஆண்டுச் செலவுத் திட்டம் அங்கத்தினர் கூட்டத்தில் வைக்கப்படுகின்றது. ஒவ்வொரு குடும்பமும் தன் சக்திக்கேற்ற தொகையை அளிப்பதாக உறுதி கூறுகின்றது.

கணக்கு

இங்கே பங்கு என்பது கம்பெனிப் பங்கு போன்றதன்று. அதற்கு இலாப ஈவு இல்லை. நிலத்தில் உரிமையும் பொதுவாக இல்லை. ஒரு பருவத்தின் விளைச்சலில் ஒரு பகுதியைப் பெறும் உரிமையே அது.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு பண்ணையின் பருவச் செலவு, உழவரின் சொந்த ஊதியம் உட்பட, 6,00,000 ரூபாய். 50 குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு பங்கு 12,000 ரூபாய். 24 வாரங்களுக்கு வாரம் ஒரு கூடை எனில், ஒரு கூடைக்கு 500 ரூபாய் ஆகின்றது. விளைச்சலில் ஐந்தில் ஒரு பகுதி அழிந்தால் மொத்த நஷ்டம் 1,20,000 ரூபாய். உழவர் தனித்து ஏற்பின் இது அவரைக் கடனாளியாக்கிவிடும். பங்கு முறையிலோ குடும்பத்துக்கு 2,400 ரூபாய் மதிப்புள்ள காய்கறி குறைகின்றது. விளைச்சல் மிகும் ஆண்டில், கூடுதல் கட்டணமின்றியே கூடை நிறைகின்றது.

இடர்ப்பாடுகள்

இம்முறையில் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரே காய் வாரந்தோறும் வந்தால் அங்கத்தினர் சலிப்படைந்து மறு ஆண்டு விலகிவிடுவர். ஆகவே பல பயிர்களைத் தவணை தவணையாக விதைக்கும் திறமை உழவருக்கு இன்றியமையாதது. பருவத் தொடக்கத்திலேயே முழுத் தொகையையும் செலுத்துவது தினக்கூலி பெறும் குடும்பங்களுக்கு இயலாது. இதை முன்னிட்டுச் சில பண்ணைகள் மாதத் தவணைகளை ஏற்கின்றன. தம் குடும்பத்தாரின் உழைப்பைச் செலவில் சேர்க்காமல் பங்கின் விலையைக் குறைத்து வைப்பது உழவர்கள் செய்யக்கூடிய பெரும் பிழையாகும். அவ்வாறு செய்யின், பங்குகள் அனைத்தும் விற்ற பின்னும் பண்ணை நஷ்டத்திலேயே நடக்கும்.

களப்பணியாளரும் ஆசிரியரும்

இம்முறையை எடுத்துரைக்கும் களப்பணியாளர், முதலில் உழவருடன் அமர்ந்து ஒரு பருவத்தின் உண்மையான செலவை எழுதிப் பார்த்தல் நலம். தொடக்கத்தில் சில குடும்பங்களை மட்டும் சேர்த்து, எஞ்சிய விளைச்சலை வழக்கம்போல் சந்தைக்கு அனுப்பலாம். கூடை வழங்கும் நாள், இடம், வாரங்களின் எண்ணிக்கை, விளைச்சல் குன்றினால் என்ன செய்வது என்பன பணம் பெறுவதற்கு முன்பே எழுத்தில் இருத்தல் வேண்டும். மேற்கண்ட கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் செய்யச் சொல்லலாம்: அருகிலுள்ள ஒரு தோட்டத்தின் செலவை மாணவர்கள் கேட்டறிந்து பங்கின் விலையைக் கணிப்பார்களாயின், ஒரு கிலோ கத்தரிக்காயின் விலையில் உழவரின் கூலி எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெளிவாகும்.