லாரிக்கும் சுத்தம் சோறு போடும்



"சுத்தம் சோறு போடும்" என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் முறை தவறிச் செய்த சுத்தம் சோற்றையே கெடுத்துவிடும் என்பதைச் சென்ற ஆண்டு ஆயுத பூசையன்று நான் கண்கூடாகக் கண்டேன்.

எங்கள் குடும்பம் ஒரு லாரியை நம்பி வாழ்கிறது. காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அப்பா வெளியூர் போய் வருவார். பூசைக்கு முதல் நாள் அண்ணன் லாரியைக் கழுவினான். சக்கரம், பாடி, கண்ணாடி எல்லாம் கழுவி முடித்தபின், கேபினைத் தூக்கி, பம்பு ஹோஸால் எஞ்சின் மீதும் தண்ணீரைப் பாய்ச்சினான். எஞ்சின் பளபளத்தது. மறுநாள் காலை வாழைக்கன்று கட்டி, மாலை சூட்டி, அப்பா சாவியைத் திருகினார். லாரி கிளம்பவில்லை! மெக்கானிக் மாமா வந்து ஒரு வயர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். உள்ளே தண்ணீர் நின்றது. இரண்டு நாள் ஓட்டம் போயிற்று. அப்பா அண்ணனைத் திட்டவில்லை. "எதையும் முறை தெரிஞ்சு செய்யணும், தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த முறையை அவரிடமும் மெக்கானிக் மாமாவிடமும் கேட்டறிந்து இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினை ஏன் சுத்தம் செய்ய வேண்டும்? அழகுக்காக அன்று. நம் ஊர் கடலோர ஊர். கடற்காற்றில் உப்பு கலந்திருக்கிறது. மீன் ஏற்றும் லாரிகளில் பெட்டியிலிருந்து சொட்டும் உப்பு நீரும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு விரைவில் துருப்பிடிக்கிறது. மேலும், எண்ணெய்க் கசிவில் தூசி படிந்து களிம்பு போலாகிறது. சூடான புகைக்குழாயின் அருகே அந்தக் களிம்பு தீப்பிடிக்கக்கூடும். எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அழுக்கான எஞ்சினில் புதிய கசிவு தெரியாது. சுத்தமான எஞ்சினில் ஒரு சொட்டு கசிந்தாலும் கண்ணில் படும்.

"அந்தக் காலத்தில் எஞ்சின் மேல் தண்ணீர் அடிக்கவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். பழைய டீசல் எஞ்சின்களில் மின்சாரப் பாகங்கள் குறைவு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. இன்றைய லாரி எஞ்சினில் பல சென்சார்களும் அவற்றை ஆளும் ஒரு சிறு கணினியும் உள்ளன. வேகமாக அடிக்கும் தண்ணீர் பிளக்குகளின் ரப்பர் காப்பையும் தாண்டி உள்ளே புகுந்துவிடும். ஆகவே எஞ்சினுக்குத் தேவை குளியல் அன்று; துடைப்பே போதும்.

வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை இவை. சமதரையில் லாரியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கேபினைத் தூக்கியதும் அதன் தாங்கு கம்பியும் பூட்டும் சரியாக விழுந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். பூட்டாத கேபினுக்குக் கீழே ஒரு நொடியும் தலையை நீட்டலாகாது. சாவியை அணைத்து, கையேட்டில் சொன்ன நேரம் பொறுத்தபின், பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்ட வேண்டும்.

தோழியரே, நமக்கென்று ஒரு விதி உண்டு. வளையல், மோதிரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு வளையல் தொட்டுவிட்டால் அது நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும். தாவணியையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகி, சடையை மேலே கட்டிக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் உடனில்லாமல் இவ்வேலையைத் தொடாதீர்கள்.

இனி வேலை. டைனமோ, செல்ப் மோட்டார், கணினிப் பெட்டி, வயர் பிளக்குகள், காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றை பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்ட வேண்டும். முதலில் உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். பின்பு மிதமான சோப்பு நீரில் பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். களிம்பு கெட்டியாக இருந்தால் எண்ணெய் நீக்கும் திரவத்தைத் துணியில் தடவித் தேய்க்கலாம். கடைசியில் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உப்பும் சோப்பும் போகத் துடைக்க வேண்டும்.

பேட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடிக்கு ஆப்பசோடா கரைத்த நீரே மருந்து. பேட்டரியில் உள்ளது கந்தக அமிலம். அமிலமும் ஆப்பசோடாவும் சேர்ந்தால் நுரை பொங்கும் என்று வேதியியல் வகுப்பில் படித்தோமல்லவா? அதுவே இங்கும் நிகழ்கிறது. அந்நீர் பேட்டரிக்குள் மட்டும் போகக் கூடாது. உலர்ந்தபின் முனைகளில் சிறிது வாசலின் தடவினால் உப்புக் காற்று அண்டாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ எஞ்சினைக் கழுவக் கூடாது. பெட்ரோல் ஆவிக்கு ஒரு தீப்பொறி போதும். கழுவியபின் மினுமினுப்புக்காக டீசல் அடிப்பதும் தவறு. அது ரப்பர் குழாய்களை உப்பிக் கெடுத்து, மறுநாளே தூசியையும் சேர்த்துவிடும். எஞ்சின் ஓடும்போது டீசல் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. லாரி டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 8 பார். புதிய எஞ்சினின் டீசல் குழாயிலோ 1,000 பாருக்கும் மேல். ஊசித் துளையில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

வேலை முடிந்ததும் பிளாஸ்டிக் பைகளையும் துணிகளையும் எண்ணிப் பார்த்து எடுத்துவிட வேண்டும். மறந்து விட்ட ஒரு துணி தீ விபத்துக்குக் காரணமாகலாம். தரையில் சிந்திய எண்ணெயின் மேல் மரத்தூளைத் தூவிக் கூட்டி, மூடியுள்ள தகரத்தில் போட்டு, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் கொடுத்துவிட வேண்டும். பயன்படுத்திய எண்ணெய், 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அபாயகரமான கழிவாகும். நம் வீட்டு வாய்க்காலில் விட்டால் அது அரசலாற்றுக்கும், பிறகு கடலுக்கும் போய்ச் சேரும். நமக்குச் சோறு போடும் மீன் அங்கேதான் வாழ்கிறது!

இப்போது மாதம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில், அப்பாவும் அண்ணனும் நானும் இம்முறையில் லாரியைச் சுத்தம் செய்கிறோம். சென்ற தை மாதத்தில் துடைத்து முடித்த இரண்டாம் நாள், டீசல் குழாயின் மூட்டில் ஈரம் மின்னுவதை நான்தான் முதலில் கண்டேன். மெக்கானிக் மாமா ஒரு சிறிய வாஷரை மாற்றினார், அத்துடன் சரியாயிற்று. பழைய களிம்பு அப்படியே இருந்திருந்தால் அந்தக் கசிவு யார் கண்ணிலும் பட்டிராது. அப்பா அன்றிரவு ஐஸும் மீனுமாக நெடுந்தூரம் புறப்பட்டார். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பெற்றோர்களே, இது ஆண்பிள்ளை வேலை என்று எங்களை விலக்கிவிடாதீர்கள். நம் வீட்டுக்குச் சோறு போடும் இயந்திரத்தை நாங்களும் அறிந்துகொள்வது நல்லதல்லவா?

— பதினோராம் வகுப்பு மாணவி