மடிநாயின் உடலும் குணமும்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

சென்ற கோடை விடுமுறையில் என் தம்பி ஒரு படத்தைக் கொண்டுவந்து அம்மாவின் முன் நீட்டினான். தொங்கும் நீண்ட காதுகள், உருண்டைக் கண்கள், வெள்ளை உடலில் செம்பழுப்புத் திட்டுகள். “இந்த நாய்தான் வேணும்” என்றான். அது ‘கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல்’ என்னும் சிறு நாய். பெயரைக் கேட்ட அப்பத்தா, “கேவலமா? நல்லாத்தானே இருக்குது!” என்று சிரித்தார். கேவலியர் என்றால் குதிரைவீரன். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றவர்களை அப்படி அழைத்தனர். “அக்கா படிச்சிட்டு வந்து சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று அம்மா தீர்ப்பளித்தார். அவ்வாறு நான் படித்துத் தெரிந்துகொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

ஸ்பானியல் என்ற சொல் ஸ்பெயின் நாட்டின் பெயரிலிருந்து வந்தது. புதரில் ஒளிந்திருக்கும் பறவைகளைக் கிளப்பிவிடும் வேட்டை நாய்களே ஸ்பானியல்கள். அவற்றில் மிகச் சிறியவை வேட்டையை விட்டு அரண்மனைக்குள் புகுந்து மடிநாய்களாயின. 1660 முதல் 1685 வரை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னர் எங்கு சென்றாலும் இந்நாய்கள் உடன் சென்றன. அரசாங்க வேலையை விட்டுவிட்டு மன்னர் நாயுடன் விளையாடுகிறார் என்று சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் குறைப்பட்டிருக்கிறார். விக்டோரியா அரசியாரோ 1838-இல் முடிசூட்டு விழா முடிந்து திரும்பியதும் தம் ‘டாஷ்’ என்ற ஸ்பானியலைக் குளிப்பாட்டினாராம். எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்தது.

பின்னர் ஒரு நாகரிகம் வந்தது. மூக்கு தட்டையாக, தலை உருண்டையாக இருந்தால்தான் அழகு என்று கருதி, அத்தகைய நாய்களையே இணைத்து வளர்த்தனர். பழைய ஓவியங்களில் உள்ள நீண்ட மூக்கு நாய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1926-இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் பழைய முகமுள்ள ஸ்பானியலுக்கு 25 பவுன் பரிசு அறிவித்தார். அதிலிருந்து முயற்சி தொடங்கி, 1928-இல் தனிச் சங்கம் ஏற்பட்டு, 1945-இல் கேவலியர் தனி இனமாக ஏற்கப்பட்டது. ஆகவே கிங் சார்லஸ் ஸ்பானியல் வேறு, கேவலியர் வேறு. முன்னது தட்டை முகமும் சிறிய உடலும் கொண்டது. பின்னதற்கு மூக்கு சற்றே நீளம்.

அளவைப் பார்ப்போம். நம் வடிவியல் பெட்டியோடு வாங்கும் 30 சென்டிமீட்டர் அளவுகோலைத் தரையில் நிமிர்த்தி வைத்தால், கேவலியரின் தோள் அதன் உச்சியைத் தொடும். மிஞ்சினால் மூன்று சென்டிமீட்டர் கூடும். எடை ஐந்தரை முதல் எட்டு கிலோ வரை. எட்டு கிலோ என்பது ஓர் அரிசிச் சிப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான். என் தம்பியே தூக்கலாம்.

குணமோ மிக மென்மையானது. கடிக்கும் சுபாவம் குறைவு. குழந்தைகளோடும் முதியவர்களோடும் இணங்கிப் போகும். அந்நியரைக் கண்டாலும் வாலாட்டுவதால் காவலுக்கு உதவாது. பழைய வேட்டை இரத்தம் மட்டும் போகவில்லை. பறவை, வண்டி என்று ஓடுவது எதுவாயினும் துரத்தும். லாரிகள் ஓயாத எங்கள் பல்லடம் சாலையில் சங்கிலியில்லாமல் விட்டால் அவ்வளவுதான். எல்லாவற்றிலும் முக்கியமான குணம், அதற்கு எந்நேரமும் மனிதத் துணை வேண்டும் என்பது. மடியில் இருப்பதற்கென்றே முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வளர்க்கப்பட்ட பிராணி வேறெப்படி இருக்கும்?

இந்த இடத்தில் எங்கள் ஜூலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒரு வெள்ளைப் பாமரேனியன் இருந்தது. பாமரேனியன் என்று நாம் அழைத்தாலும், ஊரில் காணும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். ஜெர்மனி நாட்டு ஸ்பிட்ஸ் நாய்கள் ஆங்கிலேயரோடு இங்கு வந்து, நம் நாட்டில் வளர்ந்து உருவானவை. 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ என்ற இந்திப் படத்தில் நடித்த டஃபியும் இவ்வினமே. உண்மையான பாமரேனியன் மூன்றரை கிலோவைத் தாண்டாது. ஜூலி ஆறு கிலோ!

நாங்கள் இருப்பது சிமெண்ட் சீட்டுக் கூரை போட்ட லைன் வீடு. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குக் காலை எட்டரைக்குப் போவார், அப்பாவுக்கு ஷிப்ட். அப்பத்தா அப்போது ஊரில் இருந்தார். நாங்கள் பள்ளிக்கு வந்துவிட்டால் ஜூலி தனியே. கட்டிங் வேஸ்ட் துணியில் மெத்தை தைத்துப் போட்டிருந்தேன். அதில் அது படுக்கவே இல்லை. பகலெல்லாம் கதவருகே நின்று குரைத்தது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் பக்கத்து வீட்டு அக்கா, “கண்ணு, ஒரு மணி நேரமாச்சும் தூங்க விடச் சொல்லு” என்று அழாத குறையாகக் கேட்டார். சித்திரை மாதத்தில் ஒரு நாள் மாலை நான் கதவைத் திறந்தபோது குரைப்பே இல்லை. நாக்கு வெளியே தள்ளி, தரையில் கிடந்தது.

நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தே உடல் சூட்டை வெளியேற்றுகிறது. சுற்றியுள்ள காற்றே கொதித்தால் அந்த வழியும் பயன்படாது. தண்ணீரால் நனைத்து, அப்பாவின் வண்டியில் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். ஜூலி பிழைத்தது. மறுவாரமே காங்கேயம் பக்கமுள்ள அம்மாயியின் தோட்டத்தில் விட்டுவிட்டோம். வண்டிக்குப் பின்னால் மண் பாதை முடியும்வரை ஓடி வந்தது.

கூர்மூக்கு ஸ்பிட்ஸுக்கே இந்நிலை என்றால், அதைவிடக் குட்டை மூக்கு கேவலியர் எங்கள் கூரையின் கீழ் என்ன ஆகும்? இதைவிடப் பெரிய குறை இன்னொன்று உண்டு. சில நாய்களிலிருந்தே பெருக்கப்பட்ட இனமாதலால் நோயும் பரம்பரையாகத் தொடர்கிறது. இதயத்தின் இடப்புற வால்வு தேய்ந்து இரத்தம் பின்னோக்கிக் கசியும். பத்து வயதை எட்டும் கேவலியர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்நோய் இருக்கும். சிலவற்றுக்கு மூளைக்குப் போதிய இடமில்லாத சிறிய மண்டையோடு அமைந்து, தண்டுவடத்தில் நீர் தேங்கிக் கழுத்து வலிக்கும். 2023-இல் நார்வே நாட்டு உச்ச நீதிமன்றம், அங்கு கேவலியர் குட்டிகளை இனப்பெருக்கம் செய்வது பிராணி நலச் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. அழகுக்காக மூக்கையும் தலையையும் மாற்றியவர்கள் நாம். வலி மட்டும் நாய்க்கு.

வீட்டில் எப்போதும் ஆள் இருந்து, காற்றோட்டமும் இருந்தால், இத்தகைய நாயை நன்றாகவே வளர்க்கலாம். வாரம் இருமுறையாவது முடி வார வேண்டும். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்காமல் பார்க்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தவறவிடக் கூடாது. வெயில் ஏறுமுன் நடத்திச் செல்ல வேண்டும். குட்டி வாங்குமுன் தாய் தந்தை நாய்களின் இதயத்தைப் பரிசோதித்தார்களா என்று கேட்பது அவசியம்.

“அப்ப ராஜபாளையம் நாய்?” என்றான் தம்பி. 2005-இல் அஞ்சல்தலையில் இடம்பெற்ற நம் நாட்டு நாய்தான் அது, வெயிலும் தாங்கும். ஆனால் தோளுயரம் கேவலியரைப் போல் இரண்டு மடங்கு. ஓடுவதற்குக் காடு கழனி வேண்டும்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா, “பகல்ல அது கூட யாரு இருப்பா?” என்று மட்டும் கேட்டார். அப்பத்தா தம் முழங்காலைத் தடவிக்கொண்டு, “என்னால அது பின்னாடி ஓட முடியாது சாமி” என்றார். தம்பி படத்தை மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாயியின் தோட்டத்துக்குப் போனோம். மாட்டுக் கொட்டகை நிழலில் படுத்திருந்த ஜூலி எழுந்து, தம்பியை முகர்ந்து பார்த்து, வாலை ஆட்டிவிட்டு, அம்மாயியின் காலடிக்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது.